கூலி சேர்க்காத வீடு

என் வாய் நீளம் என்பது தெருவுக்கே தெரிந்த சேதி. அதனால்தான் புருஷன் வீட்டில் என்னால் குப்பை கொட்ட முடியவில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் தகுந்த பதில் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன். நான் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தபோது அவர் மகள் முன்பல் விழுந்து பொக்கையாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். இது நடந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பு. இத்தனை வருஷமும் நான் படுப்பது சமையலறையில்தான். வாடகை வீடு, மாடிப் போர்ஷன், ஒரே ஒரு அறை. அதில் அண்ணன், அண்ணி, மகள். சமையலறையில் அடுப்பு மேடைக்கும் அரிசி டின்னுக்கும் நடுவில் என் பாய். காலை நீட்டினால் கதவில் இடிக்கும். விடிந்து அண்ணி பால் காய்ச்ச வருவதற்குள் பாயைச் சுருட்டியாக வேண்டும். காய்ச்சல் வந்தாலும் சுருட்டியாக வேண்டும்.

அண்ணன் மகளை நான் சுண்டெலி என்று கூப்பிடுவேன். ஆள் ஒரு பிடிதான் இருப்பாள். வாங்கிக் கொடுத்த பென்சிலையெல்லாம் கொறித்தே தீர்ப்பாள். ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். நான் துணிக்கடையின் பின்கட்டில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களின் கால்சட்டைக்கு நீளம் குறைத்துத் தைக்கிறவள். வாரக் கூலியை நான் விரல் விட்டு எண்ணி முடிப்பதற்குள் அவள் விடையைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். இந்தக் கொழுப்பெல்லாம் உங்கப்பன் பக்கத்தது என்று நான் அவள் தலையில் குட்டுவேன்.

அந்த வருஷம் பள்ளிக்குப் புதிதாக ஒரு கணக்கு டீச்சர் வந்தார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு வீடு வரைந்து வரச் சொன்னார். எல்லோருக்கும் ஒரே தொகை. செங்கல், சிமென்ட், கம்பி, தரை ஓடு, கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் ஒரு விலைப்பட்டியல் கொடுத்தார். அந்தத் தொகைக்குள் வீடு முடிய வேண்டும். பரப்பளவு, கன அளவு, சதவீதம் எல்லாம் இதற்குள்ளேயே வந்துவிடும், தனியாக உருப்போட வேண்டியதில்லை என்றாராம். இன்னொரு நிபந்தனையும் வைத்தார். இப்போது உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் அந்த வீட்டில் இடம் இருக்க வேண்டும்.

மற்ற பிள்ளைகள் நீச்சல் குளமும் மாடித் தோட்டமுமாக வரைந்து தள்ளினார்கள். கூரை போடுவதற்கு முன்பே பணம் தீர்ந்து டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். சுண்டெலி அப்படியெல்லாம் ஆடவில்லை. அண்ணனுக்கு அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரத்தில் வேலை. வெட்டி மிஞ்சிய கெட்டித் தாள்களைக் கொண்டுவந்து கொடுப்பார். அதில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக்கொண்டு, முதலில் ஓர் அறையை வரைந்தாள். இது யாருக்கு என்று கேட்டேன். உங்களுக்குத்தான் என்றாள். அந்த அறையைச் சுற்றித்தான் மற்ற வீட்டை வரைந்தாள். எனக்கு ஒரு கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள், கிழக்கே ஒரு ஜன்னல். ஜன்னலடியில் தையல் மெஷின் போட இடம். கட்டிலைக்கூடச் சின்னதாக ஒரு பெட்டி போல வரைந்து வைத்திருந்தாள்.

நான் கேலி செய்தேன். ராஜகுமாரி மாதிரி கட்டிலா, எனக்கா என்று கேட்டேன். கேட்டுவிட்டு, அவள் பள்ளிக்குப் போன பிறகு அந்தத் தாளை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்பக்கம் தாழ்ப்பாள். அதை விரலால் தொட்டுக்கூடப் பார்த்தேன். ஆசை என்பது அவ்வளவு கேவலமான பண்டம்.

முழு மதிப்பெண் வாங்கி வந்தாள். தாளின் கீழே டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: மிக அருமை. இந்த வீட்டைக் கட்டலாம்.

அண்ணன் அதைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். நகரத்தின் கடைசிப் பேருந்து நிறுத்தத்துக்கும் அப்பால் அவருக்கு ஒரு மனை உண்டு. தவணையில் வாங்கிப் போட்டு முள்ளும் புதருமாகக் கிடந்தது. வீடு கட்ட எவ்வளவு ஆகும் என்று யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு தொகை சொன்னார்கள். அந்தப் பயத்திலேயே அவர் அந்தப் பேச்சை விட்டிருந்தார். இப்போது முதல் தடவையாக ஒரு தொகை எழுத்தில் வந்திருக்கிறது. அதுவும் சிவப்பு மையில். அவர் சேர்த்து வைத்ததும், அண்ணியின் வளையல்களும், என் புருஷன் வீட்டிலிருந்து வழக்குப் போட்டு வாங்கிய பணமும் சேர்ந்தால் கிட்டத்தட்ட அந்தத் தொகை வந்தது. ஏதோ விதி பொறி வைத்த மாதிரி வந்தது.

அண்ணி ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறவர். அதிகம் பேச மாட்டார். அன்றைக்கு மட்டும் வாயைத் திறந்தார்.

"சின்னப் புள்ள போட்ட கணக்குங்க இது."

"புள்ள போட்டது. ஆனா டீச்சர் திருத்துனது," என்றார் அண்ணன். "கணக்குக்குன்னே படிச்சு வந்தவங்க. தப்பு இருந்தா சுழிச்சிருக்க மாட்டாங்களா?"

எல்லாவற்றுக்கும் எதிர்ப்பேச்சு பேசுகிற நான் அன்று கப்சிப் என்று இருந்தேன். மறுநாளே வங்கிக்குப் போய்ப் பணத்தை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தேன். சுண்டெலி தரையில் கால் பாவாமல் திரிந்தாள். அவள் வரைந்த வீடு நிஜமாகவே வரப்போகிறது. வகுப்பில் யாருக்கு அப்படி நடந்திருக்கிறது?

மேஸ்திரி ஒருவரை அண்ணன் பிடித்துக்கொண்டு வந்தார். தாளை அவர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். கட்டிடலாம் சார் என்றார். எதைக் கேட்டாலும் அவருக்கு அது ஒன்றுதான் பதில். வேலை ஆரம்பித்த முதல் வாரக் கடைசியில், தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். அவருக்கும் ஆட்களுக்கும் கூலி.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார். செங்கல் இருந்தது. மணல் இருந்தது. ஆணி வரைக்கும் இருந்தது. கூலி இல்லை. சுண்டெலியைக் கூப்பிட்டார். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, டீச்சரே வேண்டாம்னு சொல்லிட்டாங்கப்பா, கூலியைச் சேர்க்காமத்தான் போடணும்னாங்க என்று சொன்னாள். சொல்லும்போதே அவள் முகம் மாறியது. சொல்கிற வரைக்கும் அவளுக்கே அது உறைக்கவில்லை. வீட்டை யாராவது கட்ட வேண்டும் என்பது அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.

அஸ்திவாரமும் இல்லை. தரைக்கு மேல் கண்ணுக்குத் தெரிகிறது மட்டும்தான் பட்டியலில் இருந்தது. மனையோ பழைய குளத்தை ஒட்டிய இடம். தோண்டத் தோண்டக் களிமண். மேஸ்திரி இன்னும் கொஞ்சம் போகலாம் சார், இன்னும் கொஞ்சம் போகலாம் சார் என்று போய்க்கொண்டே இருந்தார். அந்தக் குழிக்குள் அண்ணியின் வளையல்கள் மொத்தமும் போயின. கல்லும் சிமென்டுமாக மண்ணுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டன. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே கட்டாத மாதிரி இருந்தது.

சுண்டெலி கணக்கை மறுபடி போட ஆரம்பித்தாள். பள்ளிவிட்டு வந்ததும் மிச்சத் தாளை விரித்துக்கொண்டு உட்காருவாள். வராந்தாவை எடுத்தாள். அவள் படிக்கிற மூலை என்று ஒன்று வரைந்திருந்தாள், அதை எடுத்தாள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் போயின. தரை ஓடு போய் வெறும் சிமென்ட் வந்தது. கூரையின் உயரத்தைக் குறைத்தாள். என் அறையில் மட்டும் கை வைக்கவில்லை. எடுத்துத் தொலைடி, எனக்கென்ன சமையலறை புதுசா என்று நான் கத்தினேன். அவள் பென்சிலைக் கொறித்துக்கொண்டே, அதை எடுத்தா மத்ததெல்லாம் எதுக்கு வரைஞ்சேன் என்று கேட்டாள்.

சுவர் எழும்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேரும் போய்ப் பார்த்தோம். இடுப்பளவு சுவர்களுக்கு நடுவில் சுண்டெலி அளவு நாடாவை வைத்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடினாள். என் அறைக்குள் வந்து அளந்தாள். திரும்பவும் அளந்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கட்டில் போட்டால் கதவு திறக்காது. கதவு திறக்க வேண்டுமானால் கட்டில் போட முடியாது. மேஸ்திரி ஏமாற்றவில்லை, தாளில் இருந்தபடிதான் நூல் பிடித்திருந்தார். தாளில் சுவர் என்பது ஒரு கோடு. கோட்டுக்குக் கனம் கிடையாது என்பது அவர்கள் படிக்கிற பாடம். செங்கல்லுக்குக் கனம் உண்டு. எல்லா அறையும் ஒரு சாண், இரண்டு சாண் சுருங்கியிருந்தது. சின்ன அறை என்பதால் என்னுடையதில்தான் அது வலித்தது. தையலுக்கு மடிப்பு விடாமல் துணியை வெட்டிவிட்டு நிற்கிற மாதிரிதான். வெட்டிய பிறகு யார் என்ன செய்ய முடியும்?

பாய் போட்டுப் படுத்துக்கிறேன், கட்டில் எதுக்கு என்று நான் சிரித்தேன். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

ஜன்னல் உயரத்தோடு பணம் தீர்ந்தது. அண்ணன் அச்சக முதலாளியிடம் போய் நின்றார், முதலாளி கையை விரித்துவிட்டார். வங்கியில் போய் நின்றார். பொறியாளர் கையெழுத்துப் போட்ட வரைபடம் கேட்டார்கள். அவர் சிவப்பு மைத் தாளை நீட்டியிருக்கிறார். வங்கி ஆள் சிரிக்காமல் திருப்பிக் கொடுத்தாராம். சிரித்திருந்தால்கூட எனக்குக் கோபமாவது வந்திருக்கும் என்று அண்ணன் சொன்னார். மேஸ்திரி இரண்டு வாரம் பார்த்தார். மூன்றாவது வாரம் கம்பி நீட்டிவிட்டார். மழைக்காலம் வந்து, மூடாத சுவர்களின் உச்சியில் பச்சையாகப் புல் முளைத்தது.

என் கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. கடையில் அரை நாள் சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். வழியெல்லாம் என்னென்ன கேட்க வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். கணக்கு டீச்சர் ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். எங்கள் கடையில் பில் போடுகிற பெண்ணைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம். நான் யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்து, உங்க வீட்டுப் பொண்ணு மாதிரி ஒருத்தி கிடைச்சா வகுப்பே நடத்த வேண்டாம் என்று ஆரம்பித்தார். வீட்டைக் கட்டின கதையை நான் சொல்லச் சொல்ல அந்த முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"நிஜமாவா கட்டுனீங்க?" என்றார். அதையே திரும்பக் கேட்டார்.

"கட்டலாம்னு நீங்கதானே எழுதுனீங்க? சிவப்பு மையில?"

"அது... பிள்ளைங்கள உற்சாகப்படுத்த எழுதுறதுங்க." குரல் உள்ளே போய்விட்டது. "கூலிய சேத்தா விடை முழு எண்ணா வராது. தசமத்துல போய் நிக்கும். பாதிப் பேரு பயந்து விட்டுடுவாங்க. அதனாலதாங்க வேண்டாம்னு சொன்னேன்."

விடை அழகாக வர வேண்டும் என்பதற்காக ஆட்களைக் கணக்கிலிருந்து எடுத்திருக்கிறார். வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்தப் பெண் கையில் சிவப்புப் பேனாவோடு அழுதுகொண்டிருந்தது. நான் மனப்பாடம் செய்துகொண்டு போனதில் பாதியைக்கூடச் சொல்லவில்லை. தண்ணி குடிங்க டீச்சர் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தேன். திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்திருந்தால் இதைத் தாங்கியிருப்பேன்.

வீட்டிலும் யாரும் யாரையும் திட்டவில்லை. அண்ணன் மகளிடம் முன்னைவிட மெதுவாகப் பேசினார். அண்ணி அவளுக்குத் தட்டில் கூடுதலாகவே வைத்தார். அவள் பக்கம் வந்தால் எல்லோரும் பேச்சை மாற்றினோம். அந்தப் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக வாடியதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பென்சிலைக் கொறிப்பதைக்கூட நிறுத்திவிட்டாள்.

கடைசியில் மனையை விற்பதென்று முடிவானது. வாங்க வந்தவர் பக்கத்து மனைக்காரர். சுவர்களைச் சுற்றி வந்து, காலால் ஒரு செங்கல்லைத் தட்டிப் பார்த்தார். அவருக்கு வேறு மாதிரி வீடு வேண்டும். மனைக்கு ஒரு விலை சொன்னார். அதிலிருந்து, இந்தச் சுவரை இடித்து, அஸ்திவாரத்தைப் பெயர்த்து, குப்பையை அள்ளிக் கொட்டுகிற செலவைக் கழித்துக்கொள்வேன் என்றார். இடிப்பதற்குக் கூலி உண்டு. அதை அவர் மறக்கவில்லை.

"அப்ப ஒண்ணுமே கட்டாம இருந்திருந்தா இன்னும் கூடக் கிடைச்சிருக்குமா?" என்று சுண்டெலி கேட்டாள்.

"ஆமாம்மா," என்றார் அவர். நல்ல மனிதர்தான், சிரித்த முகமாகத்தான் சொன்னார்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். விற்று வந்த பணத்தில், இடையில் கைமாற்றுக் கொடுத்தவர்களுக்கு அண்ணன் திருப்பிக் கொடுத்தார். மீதி, வாடகை வீட்டுக்காரர் அட்வான்ஸை உயர்த்தியதற்குச் சரியாகப் போனது. என் பாய் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் பழையபடியே கிடந்தது. ஒரே ஒரு மாற்றம்தான். முன்பெல்லாம் அதைச் சுருட்டும்போது எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. இப்போது ஒவ்வொரு நாளும் தோன்றுகிறது.

மனையை விற்ற அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, பள்ளிவிட்டு நேராக அவள் கடைக்கு வந்தாள். பின்கட்டில் நான் ஒரு கால்சட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். என் எதிரில் துணி மூட்டையின் மேல் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மெஷின் மேல் விரித்தாள். வெகுநாள் கழித்து அவள் கணக்குப் போட்டிருக்கிறாளே என்று எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம்கூட வந்தது.

வீடு இல்லை அது. போன பணத்தையெல்லாம் எழுதி, அம்மா வளையல், அத்தை பணம், அப்பா சேமிப்பு என்று தனித்தனியாகப் பிரித்திருந்தாள். கீழே ஒரு வருமானம். மருந்துக் கிடங்கில் பெட்டி ஒட்டும் வேலைக்குப் பெண் பிள்ளைகளை எடுக்கிறார்களாம். போய் விசாரித்துவிட்டு வந்திருக்கிறாள். வாரக் கூலி இவ்வளவு. பேருந்துச் செலவு போக இவ்வளவு. சாப்பாட்டுக்கு வீட்டில் இவ்வளவு. வருஷத்துக்கு எவ்வளவு கூலி உயரும், எவ்வளவு விலைவாசி உயரும், உடம்புக்கு வந்தால் எத்தனை நாள் போகும், எல்லாம் இருந்தது. கடைசி வரியில் ஒரு எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள். முப்பத்தைந்து.

"இது என்னடி?"

"என் வயசு அத்தை. அப்ப எல்லாருக்கும் திருப்பிக் குடுத்து முடிச்சிடுவேன்."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். படிப்பு எங்கே, கல்யாணம் எங்கே, உனக்கென்று ஒரு நல்ல துணி எங்கே, அதையெல்லாம் இதில் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். அதெல்லாம் கட்டாயச் செலவில் வராது அத்தை, எடுத்துட்டேன் என்றாள். சாதாரணமாகச் சொன்னாள். ஜன்னல்களை எடுத்த மாதிரி.

"தப்பு," என்றேன். "இந்தக் கணக்கு தப்பு."

அவள் சட்டென்று முன்னால் குனிந்தாள். முகத்தில் பயம். "எங்க அத்தை? எதையாவது விட்டுட்டேனா? எங்கன்னு காட்டுங்க, திருத்திடறேன்."

பென்சிலை எடுத்துச் சீவிவிட்டு, தாளின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் முதல் வரியிலிருந்து பார்த்தேன். கூட்டல் சரி. கழித்தல் சரி. கூலி இருந்தது. மடிப்பு விட வேண்டிய இடத்தில் மடிப்பு விட்டிருந்தாள். என் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கிக் கடைசி வரிக்கு வந்து, வைக்க இடமில்லாமல் நின்றது. இவ்வளவு நீள வாயை வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வசவு எனக்குக் கிடைக்கவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். சரியாத்தான் இருக்கு இல்ல அத்தை என்று கேட்டாள். நான் கத்தரிக்கோலைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை காலையில் அவள் எனக்கு முன்னால் எழுந்து, பள்ளிப் பையில் இருந்த புத்தகங்களை அலமாரியில் அடுக்கிவிட்டு, அதே பையில் சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டு கிளம்பினாள்.